நுண்துளை அன்று, புரை

"இந்த எரிமலைப் பாறையில் நுண்துளைமை மிகுதி என்பதால் எரிவாயு எளிதாகப் பாய்கிறது" என்ற வகை வாக்கியத்தை மொழிபெயர்ப்புகளில் பலமுறை படித்துவிட்டேன். அது அறிவியலுக்கு மாறானது. அந்தப் பிழைக்குப் பாதிக் காரணம் 'நுண்துளைமை' என்ற சொல்லிலேயே இருக்கிறது.

ஆங்கில மூலச்சொல்லான 'பொராசிட்டி' என்பது, 'வழி', 'கடவு' என்று பொருள்படும் கிரேக்கப் 'போரோஸ்' என்பதிலிருந்து இலத்தீன் வழியாக வந்தது. இன்று அது பாறையின் மொத்தப் பருமனில் வெற்றிடம் எத்தனை விழுக்காடு என்பதை மட்டுமே குறிக்கும். அந்த வெற்றிடங்கள் ஒன்றோடொன்று இணைந்து, அவற்றின் வழியே நீரோ வாயுவோ எவ்வளவு எளிதாகப் பாயும் என்பதைச் சொல்வது ஊடுருவு திறன் என்னும் வேறோர் அளவு. அதன் அலகான டார்சி, மணல் வழியே நீர் செல்லும் விதியை 1856இல் வெளியிட்ட பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி டார்சியின் பெயரைத் தாங்கியது.

துளை என்றதும் தமிழ் காதுக்கு என்ன தோன்றுகிறது? ஊசித்துளை, மூக்குத்துளை, புல்லாங்குழலின் துளை என எல்லாமே ஒன்று நுழைந்து செல்லும் வாய்கள். எரிமலைக் குழம்பிலோ, மேலேறும்போது அழுத்தம் குறைவதால் கரைந்திருந்த நீராவியும் கரியமில வாயுவும் குமிழ்களாகப் பிரிகின்றன. குழம்பு இறுகியதும் அந்தக் குமிழ்களின் இடம் வெற்றாக நின்றுவிடுகிறது. அங்கே எதுவும் எதையும் துளைக்கவில்லை. 'நுண்' என்ற அடைமொழியும் பொருந்தாது. புனே பக்கம் சாலைக்காக வெட்டிய மலைச்சரிவில் எடுத்த தக்காண எரிமலைக் கருங்கல் துண்டு ஒன்று என் மேசையில் இருக்கிறது. அதில் மிளகளவிலிருந்து புளியங்கொட்டை அளவு வரை குழிகள் உள்ளன; சிலவற்றில் வெள்ளைச் சியோலைட்டுக் கனிமம் நிரம்பியிருக்கிறது; அடுத்தடுத்த இரு குழிகளுக்கு இடையே கல்சுவர் முழுதாக நிற்கிறது.

இதற்குப் புரை என்ற சொல் நம்மிடம் உண்டு. மரம் புரையோடியது என்கிறோம், புண் புரையோடியது என்கிறோம். வெளியே வாய் தெரியாவிட்டாலும் உள்ளே இடம் வெற்றாகிவிட்டது என்பதே பொருள். 'புரைதீர்ந்த நன்மை' என்று வள்ளுவர் குற்றத்தையல்லவா புரை என்றார் என்று சிலர் மறுக்கக்கூடும். உள்ளே வெற்றாக இருப்பது குறை என்பதிலிருந்தே அந்தப் பொருளும் கிளைத்திருக்கும் என்பது என் எண்ணம். எப்படியாயினும், ஒரு சொல்லுக்கு இரு பொருள் இருப்பது கலைச்சொல்லுக்குத் தடையாகாது. 'புரைமை' ஏற்கனவே புழக்கத்தில் உள்ள சொல்தான். அதை ஒதுக்கிவிட்டு 'நுண்துளைமை'யைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

புரை என்று தொடங்கினால் மற்றவையும் தெளிவாக அமையும். குமிழ் விட்ட இடம் குமிழ்ப்புரை. ஃபெல்ட்ஸ்பார் போன்ற கனிமம் பின்னாளில் கரைந்து உண்டானது கரைப்புரை. இரு புரைகளுக்கு இடையிலுள்ள ஒடுங்கிய பகுதியை 'துளைத் தொண்டை' என்று எழுதுகிறார்கள். குடத்தின் ஒடுங்கிய பகுதியைக் கழுத்து என்று சொல்லும் மொழியில் அது புரைக்கழுத்து என்றுதான் இருக்க வேண்டும்.

புரைமைக்கும் ஊடுருவு திறனுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டச் சப்பானின் நீகாட்டா பகுதியில் 1979இல் கண்டறியப்பட்ட மினாமி நாகஓகா எரிவாயு வயலே போதும். அங்கே வாயு நான்கு கிலோமீட்டருக்கும் கீழே ரையோலைட்டு எரிமலைப் பாறையில் இருக்கிறது. எரிமலைப் பாறையின் சட்டகம் உறுதியானது என்பதால் அத்தனை ஆழத்திலும், மணற்கல்லைப் போல் எளிதில் நசுங்காமல், புரைகள் தப்பிநிற்க முடிகிறது. ஆனால் புரை இருந்தும் ஊடுருவு திறன் குறைவான பகுதிகளில் நீரழுத்தத்தால் பாறையைப் பிளந்தே வாயுவை எடுக்க வேண்டியிருந்தது. குசராத்தின் பாத்ரா வயலில் தக்காணப் பாறையிலிருந்து எண்ணெய் வருவதிலும் பிளவுகளின் பங்கு பெரிது. ஆகவே இத்தகைய பாறையின் தரத்தை மதிப்பிடுபவர் புரைமையோடு பிளவுகளையும் சேர்த்தே பார்க்கிறார்.

இதே மொழிபெயர்ப்புகளில் எண்ணெய் தங்கும் பாறையை 'எண்ணெய் நீர்த்தேக்கம்' என்றும் எழுதிவிடுகிறார்கள். எண்ணெய்க்கு நடுவில் நீர் எங்கிருந்து வந்தது என்று எழுதியவரும் கேட்கவில்லை, திருத்தியவரும் கேட்கவில்லை. கொள்பாறை என்றால் போதுமே. "இந்த எரிமலைக் கொள்பாறையில் புரைமை மிகுதி, ஆயினும் புரைகளை இணைக்கும் பிளவுகள் உள்ள இடத்தில்தான் எரிவாயு பாய்கிறது" என்று எழுதினால் பள்ளி மாணவருக்கும் விளங்கும்.