ரீடெய்ன்ட் லிஸ்ட்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில், மூன்றாம், நான்காம் டிவிஷன்கள் என்ற கீழ்நிலைப் பிரிவுகளில் ஆடிய எந்தக் கால்பந்து ஆட்டக்காரரின் கதையிலும் இந்தச் சொல் தலைகாட்டும். சீசன் முடிந்ததும் கிளப் போடும் பட்டியல் இது. யாரை வைத்துக்கொள்கிறது, யாரை விலைக்கு விற்கிறது, யாரை அனுப்பிவிடுகிறது என்று அதில் இருக்கும்.

‘ரீடெய்ன்’ லத்தீன் மூலம் கொண்டது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. போகவிடாமல் பிடித்து வைப்பது என்பதே வேர்ப்பொருள். கால்பந்தில் நடந்ததும் அதேதான். ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு வருடத்துக்கே. ஜூன் 30 அன்று முடிந்துவிடும். ஆனால் ஆட்டக்காரரின் பதிவு, அதாவது எந்தக் கிளப்புக்கு அவர் ஆடலாம் என்ற உரிமை, கிளப் கையில் இருக்கும். புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்தால் சம்பளம் கிடையாது, இந்த டிவிஷன்கள் அடங்கிய ஃபுட்பால் லீகில் வேறு கிளப்புக்கு ஆடவும் முடியாது. லீகுக்கு வெளியே இருந்த சதர்ன் லீக் போன்றவற்றின் கிளப்புகள்தான் தப்பிக்கும் வழி.

அந்தப் பட்டியலில் ‘ஃப்ரீ டிரான்ஸ்ஃபர்’ என்றொரு வகை உண்டு. கேட்க விடுதலை மாதிரி இருக்கும். விலை வேண்டாம், போய் வேறு இடம் பார் என்பதே அதன் அர்த்தம். முப்பதைத் தாண்டிய கீழ் டிவிஷன் பின்களக்காரருக்கு அது வேலை போன செய்தி.

சம்பளத்துக்கும் உச்சவரம்பு இருந்தது: 1958இல் வாரம் 20 பவுண்டு, கோடையில் 17. 1961இல் வரம்பு நீங்கியும் பிடி தளரவில்லை. நியூகாசில் கிளப்மீது அதன் ஆட்டக்காரராக இருந்த ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் தொடுத்த வழக்கில், 1963இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் இந்தப் பிடித்துவைப்பு முறை தொழில் செய்யும் உரிமையை நியாயமின்றித் தடுக்கிறது என்று தீர்ப்பளித்த பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. பிரபலமான ஆட்டக்காரர் போட்ட வழக்குதான். ஆனால் பேரம் பேசும் பலமே இல்லாத கீழ் டிவிஷன்காரரையும் கட்டியிருந்தது அதே விதி.

தமிழில் என்ன சொல்வது? ஐபிஎல் செய்திகளால் ‘தக்கவைத்தல்’ நமக்குப் பழகிவிட்டது. பழைய முறைக்கு அது ரொம்ப மென்மை. வேண்டி விரும்பி வைத்துக்கொண்டது போல ஒலிக்கிறது. ‘நிறுத்திவைப்பு’ என்றால் தண்டனை என்று புரிந்துகொள்வார்கள். எனவே 1963க்கு முந்தைய கதைக்கு ‘பிடித்துவைப்புப் பட்டியல்’ என்பேன். இன்றும் மே மாதங்களில் கிளப்புகள் அதே ஆங்கிலப் பெயரில் பட்டியல் வெளியிடுகின்றன. இப்போது ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் விரும்பினால் கிளம்பலாம் என்பதால், அதற்குத் ‘தக்கவைப்புப் பட்டியல்’ சரியாகவே பொருந்தும்.