கரையும் இழை அடைப்பான்: சொல் விளக்கம்

'பயோஅப்சார்பபிள் எம்பாலிக் ஃபைபர் இம்ப்ளான்ட்' என்ற தொடரை அப்படியே தமிழ் எழுத்தில் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். மருத்துவமனைப் பேச்சில் அதுதான் நடக்கிறது. ஆனால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுகிறவருக்குத் தன் ரத்தக்குழாய்க்குள் என்ன வைக்கப்போகிறார்கள் என்பது அதிலிருந்து துளியும் விளங்காது. பொருள் இதுதான்: ரத்தக்குழாயை உள்ளிருந்து அடைத்து, அந்த அடைப்பு நிலைபெற்றபின் தான் மட்டும் கரைந்துபோகும் இழைக்கற்றை.

முதலில் 'எம்பாலிக்'. கிரேக்கத்தில் எம்பொலோஸ் என்றால் ஆப்பு, அடைப்பு. போர்க்கப்பலின் மூக்கில் பொருத்திய இடிமுனைக்கும் அதுவே பெயர். 'உள்ளே எறி' என்ற வினையில் பிறந்த இச்சொல்லின் கிளை ஒன்று நாட்காட்டிக்குள்ளும் போயிற்று. கூடுதலாகச் செருகிய மாதத்தோடு 13 மாதம் வரும் யூத ஆண்டுக்கு 'எம்பாலிஸ்மிக்' என்ற அடைமொழி உண்டு. மருத்துவத்தில் இந்தக் கிரேக்கச் சொல்லுக்கு இன்றைய பொருளைத் தந்தவர் ஜெர்மன் நோயியல் அறிஞர் ருடால்ஃப் விர்ஹோ. நுரையீரல் தமனியில் சிக்கிக் கிடக்கும் ரத்தக்கட்டி அங்கேயே உறைந்ததாக இருக்க வேண்டியதில்லை, தொலைவிலுள்ள சிரையிலிருந்து அடித்துவரப்பட்டதாகவும் இருக்கலாம் என்று 1840களின் பிற்பகுதியில் அவர் காட்டினார். இருந்த இடத்திலேயே உறைந்தால் த்ராம்பஸ், பெயர்ந்துவந்து அடைத்தால் எம்பாலஸ்.

எம்பாலஸுக்குத் 'தக்கை'யைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. புட்டியின் வாயை அடைப்பதும் தக்கை, தூண்டில் கயிற்றில் கட்டி நீரில் மிதக்கவிடுவதும் தக்கை. மிதந்து வருதல், அடைத்தல் என்ற இரண்டு செயலும் ஒரே சொல்லில் இருக்கின்றன. கிரேக்க மூலத்தில்கூட மிதத்தல் இல்லை. அதனால் எம்பாலிசம் என்ற நோய்க்குத் தக்கையடைப்பு என்பது கச்சிதமாக உட்காருகிறது.

சிக்கல் எம்பாலைசேஷனில்தான், அதாவது ரத்தக்கசிவை நிறுத்துவது போன்ற காரணத்துக்காக மருத்துவர் வேண்டுமென்றே குழாயை அடைக்கும் சிகிச்சையில்தான். நோயைக் குறித்த சொல்லையே ஆங்கிலம் சிகிச்சைக்கும் நீட்டிக்கொண்டது. தமிழும் அதைப் பின்பற்றித் 'தக்கையிடல்' என்று எழுதினால் தவறான படம் மனதில் எழும். மருத்துவர் வைக்கும் பொருள் மிதக்கவே கூடாது. வைத்த இடத்தில் நிற்க வேண்டும். ஆகவே நோய்க்குத் தக்கையடைப்பு, சிகிச்சைக்கு நாள அடைப்பு (நாளம் என்றால் ரத்தக்குழாய்), வைக்கும் பொருளுக்கு அடைப்பான் என்று பிரித்து எழுதுவதே நல்லது. அடைப்பான் நழுவி ஓடிவிட்டால் அப்போது அது உண்மையிலேயே தக்கை.

'ஃபைபர்' லத்தீன் ஃபிப்ராவிலிருந்து வந்தது. அதற்குத் தமிழில் இழை, நார் என்று இரண்டு சொற்கள் இருப்பது இங்கே பெரும் வசதி. ஆலையில் நூற்றது இழை, உடலே உண்டாக்குவது நார் என்று வைத்துக்கொண்டால் இந்தச் சிகிச்சை முழுவதையும் ஒரே வரியில் சொல்லிவிடலாம்: இழை போகும், நார் நிற்கும்.

அது நடக்கும் விதம் இப்படி. குழாய்க்குள் நிறைந்த இழைகள் ரத்த ஓட்டத்தைத் தடுமாறவைக்கின்றன. இழைப் பரப்பில் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒட்டுகின்றன, ஃபைப்ரின் என்ற புரதம் வலை பின்னுகிறது, கட்டி உறைகிறது. அடுத்த நாட்களிலும் வாரங்களிலும் குழாய்ச் சுவரிலிருந்து செல்கள் கட்டிக்குள் புகுந்து கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைச் சேர்க்கின்றன. கட்டி நார்த்திசுவாகிவிட்டால் அதன்பின் இழைக்கு அங்கே வேலை இல்லை.

இழையைக் குழாய்க்குள் விடும் யோசனை புதிதல்ல. கதிரியல் மருத்துவர் சேசரே ஜியன்டூர்கோவும் உடன்பணியாளர்களும் 1975இல் விவரித்த, குழாயை அடைக்கும் எஃகுச் சுருளின் வாலில் கம்பளி இழைகள் இருந்தன. கம்பளி சுற்றுச் சுவரில் அளவுமீறிய அழற்சியை உண்டாக்கியதால் பின்னர் டேக்ரான் வந்தது. டேக்ரான் பாலியெஸ்டர், கரையாது. பிளாட்டினச் சுருளின் மேல் கரையும் பாலிமர் (நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான பொருள்) பூசிய வகைகளும் வந்தன. அவற்றில் கரைவது மேற்பூச்சு மட்டும், சுருள் வாழ்நாள் முழுக்கத் தங்கும். தொகுதி முழுவதும் கரையுமா, ஒரு பகுதி மட்டுமா என்பதைப் படிவத்தில் தெளிவாக எழுத வேண்டும்.

இனி 'பயோஅப்சார்பபிள்'. 'உயிரி உறிஞ்சும் இழை' என்று மொழிபெயர்ப்பது இருமடங்கு பிழை. 'உறிஞ்சும் இழை' என்றால் தமிழில் இழைதான் எதையோ உறிஞ்சுகிறது, பஞ்சு ரத்தத்தை உறிஞ்சுவதுபோல. 'உயிரி' என்ற முன்னொட்டோ இழைக்கு உயிர் இருப்பதாக எண்ணவைக்கிறது. 'உறிஞ்சப்படும்' என்பது இலக்கணப்படி சரி, வாய்க்கு வராது. மக்கள் ஏற்கெனவே 'கரையும் தையல்' என்று சொல்கிறார்கள், அதையே எடுத்துக்கொள்ளலாம்.

வேதியியலர் இங்கே முகம் சுளிப்பார். சர்க்கரை நீரில் கரைவதுபோல இது கரைவதில்லை. பாலிமர்ச் சங்கிலியின் எஸ்டர் பிணைப்புகளை நீர் ஒவ்வொன்றாக அறுக்கிறது. அது நீராற்பகுப்பு. கிளைகாலிக், லாக்டிக் அமிலங்களாகச் சிதைந்து, கடைசியில் கரியமில வாயுவாகவும் நீராகவும் வெளியேறுகிறது. ஆனால் தமிழில் சேமிப்பும் கரையும், கூட்டமும் கரையும். கொஞ்சங்கொஞ்சமாக இல்லாமல்போவதே அதன் பொருள். ஆகவே சொல் தாங்கும். கவனம் ஒரே ஓர் எழுத்தில் வேண்டும். 'கரையும் அடைப்பான்' வேறு, 'அடைப்பைக் கரைக்கும் மருந்து' வேறு. பின்னது உறைகட்டியை உடைத்துக் குழாயைத் திறப்பது, நேர் எதிர் சிகிச்சை. நோயாளிக்கான துண்டறிக்கையில் அந்தக் 'க்' தவறினால் பொருளே கவிழ்ந்துவிடும்.

எவ்வளவு நாளில் கரையும் என்பது பாலிமரைப் பொறுத்தது. அறுவைத் தையலில் பாலிகிளைகாலிக் அமிலம் ஏறத்தாழ 60 முதல் 90 நாட்களில் மறைகிறது. கிளைகாலைடு 90, லாக்டைடு 10 என்ற விகிதத்திலான பாலிகிளாக்டின் 910க்கு 56 முதல் 70 நாட்கள். பாலிடையாக்சனோன் ஆறு மாதம் தாங்கும். வலிமை இதற்கு வெகு முன்னரே போய்விடும் என்பதையும் மறக்கக்கூடாது. பாலிகிளைகாலிக் அமில நூல் நான்கு வாரத்துக்குள்ளேயே பெரும்பகுதி வலுவை இழந்துவிடும். கட்டி நாராக மாறும் வேகத்தை இழை சிதையும் வேகம் முந்திவிட்டால் குழாய் மறுபடி திறந்துகொள்ளும். ஜெலட்டின் பஞ்சு சில வாரங்களில் மறைவதும் குழாய் திறப்பதும் இடுப்பெலும்பு முறிவு ரத்தக்கசிவில் வேண்டியே பயன்படுத்தும் குணம். நிரந்தரமாக மூட வேண்டிய சிரையில் அதே குணம் தோல்வி.

வைக்கும் முறை ஸ்வீடன் கதிரியல் மருத்துவர் செல்டிங்கர் 1953இல் தந்த வழிதான்: ஊசி, வழிகாட்டிக் கம்பி, கதீட்டர் என்ற மெல்லிய குழல். மணிக்கட்டிலோ தொடை இடுக்கிலோ துளையிட்டு 5 ஃப்ரெஞ்ச் கதீட்டரைச் செலுத்துவார்கள். ஒரு ஃப்ரெஞ்ச் என்பது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. ஆக வெளிவிட்டம் சுமார் 1.7 மி.மீ. கிளைக்குழாய்களுக்கு அதனுள்ளே மைக்ரோகதீட்டர் போகும். நிறமியூசி போட்டுக் குழாயின் விட்டத்தை அளந்து, தமனியானால் இழை கோத்த சுருளை 20 முதல் 30 விழுக்காடு பெரிதாகத் தேர்வார்கள். சிரை விரிந்துகொடுக்கும் என்பதால் அங்கே இன்னும் பெரிதாக. சிறிதாகிவிட்டால் அடைப்பான் ஓட்டத்தோடு போய்விடும்: சிரையிலிருந்து நுரையீரலுக்கு, தமனியிலிருந்து கீழ்க்கிளைக்கு. பெரிதாகிவிட்டால் சுருளாமல் நீண்டு கிடக்கும், கதீட்டர் முனையையும் பின்னுக்குத் தள்ளும்.

அளவு சரியாக இருந்தும் அடைபடாமல் போவதுண்டு. இழை கட்டடத்துக்குக் கட்டும் சாரம்போலத்தான், அடைப்பது ரத்தம். உறைவெதிர்ப்பு மருந்து எடுப்பவர்களுக்கும் தட்டணுக்கள் மிகக் குறைந்தவர்களுக்கும் எத்தனை இழை விட்டாலும் ஓட்டம் தொடரலாம். சிறுகுடல் தொடக்கப் புண்ணில் கசியும் தமனியை மேற்புறம் மட்டும் மூடினால் ரத்தம் கொல்லைப்புறமாக வேறு கிளை வழியே வந்து சேரும். கசிவுக்கு அப்பாலும் இப்பாலும் மூட வேண்டும். உறையைப் பிரிப்பதிலும் ஒரு கட்டுப்பாடு: காற்றின் ஈரப்பதமே நீராற்பகுப்பைத் தொடங்கிவைக்கும் என்பதால், பயன்படுத்தும் நேரத்தில்தான் உறையைக் கிழிப்பது.

'இம்ப்ளான்ட்'டின் அடியில் லத்தீன் நாற்று இருக்கிறது. நம் 'பதியம்' அதற்கு அழகான இணை. ஆனால் பதியம் வேர்விட்டு வளரும், இது மறையும். 'உள்வைப்பு' போதும். 'அடைப்பான்' என்று சொல்லிவிட்டால் அதுவும் தேவைப்படாது.

பெயர் முடிந்தாலும் பதிவு முடியவில்லை. இந்தப் பாலிமர்கள் எக்ஸ்ரேயில் தெரியாது. பிளாட்டினம் போன்ற உலோகக் குறியைச் சேர்த்திருந்தால் அந்தப் புள்ளி மட்டும் தெரியும். உலோகச் சுருளைப்போல சிடி படத்தில் கீற்றுகளை எழுப்பாதது நன்மை. ஆனால் ஓராண்டு கழித்துப் படம் பார்ப்பவருக்கு அங்கே எதுவும் வைத்ததாகவே தோன்றாது. அதனால் நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது தரும் வெளியேற்றச் சுருக்கத்தில் எந்தக் குழாய், எந்தப் பாலிமர், எத்தனை, எந்தத் தேதி, கரையாத பகுதி ஏதும் உண்டா என்ற ஐந்தையும் எழுதிக்கொடுக்க வேண்டும்.