1818 ராமர் காசும் லட்ச ரூபாய் ஆசையும்

பழைய நாணயங்களை மதிப்பிட்டு வாங்கி விற்பது என் தொழில். கடைக்கு அடிக்கடி வருவது ஒரே வகைக் காசுதான். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் ஆங்கிலத்தில் 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி, ஒன் அணா, 1818'. "யூடியூப்ல அஞ்சு லட்சம் போகும்னு சொல்றாங்க சார்" என்பார்கள்.

கம்பெனி அப்படியொரு ஓரணாவை அச்சடிக்கவே இல்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் ஓரணா நாணயம் வந்தது 1907ல். அரசர் ஏழாம் எட்வர்டின் தலையோடு, விளிம்பு வளைவு வளைவாக இருக்கும். கம்பெனிக் காசில் சாமி உருவமே கிடையாது என்று சிலர் அடித்துச் சொல்வதும் சரியில்லை. சென்னையில் அடித்த வராகன் என்ற பொற்காசில் பெருமாள் இருக்கிறார். வெள்ளிக் கால் வராகனில் கோபுரமே உண்டு. அதனால் சாமியை விட்டுவிட்டு எழுத்தைப் பாருங்கள். லென்ஸ் வைத்தால், வார்த்தெடுத்த போலிக் காசில் எழுத்தின் ஓரங்கள் மழுங்கியிருக்கும், பரப்பில் பொடிப்பொடியாகக் குழிகள் தெரியும், விளிம்பில் அரம் ராவிய கோடுகூடச் சிக்கும். காந்தத்தில் ஒட்டினால் அப்புறம் பேச்சே வேண்டாம்.

நிஜமான கம்பெனிக் காசு வேண்டுமா? சென்னைக்காக இங்கிலாந்தில் அடித்த 1808ஆம் வருடச் செம்பு நாணயம், 'பத்துக் காசு' என்று பெயர், இருக்கிறது. அதை ஏற்றி வந்த 'அட்மிரல் கார்டனர்' கப்பல் 1809ல் இங்கிலாந்துக் கரையருகே மூழ்கியது. 1980களில் காசுகளை அள்ளியெடுத்தார்கள். ஏராளமாகக் கிடைத்ததால் சில ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே வாங்கலாம். அசல் அந்த விலை, போலிக்கு லட்சமா?

ராமர் காசு கெட்ட பொருள் என்று சொல்லவில்லை. வடக்கே 'ராமடங்கா' என்று பூஜையில் வைக்கும் வழக்கம் இருக்கிறது. தட்டார்கள் வெள்ளியில் செய்த பழைய காசுகளைத் தேடி வாங்குபவர்களும் உண்டு. வெள்ளியின் எடை, வேலைப்பாடு, பழமை, இவற்றுக்குத்தான் விலை. இலங்கையில் காப்பிக் கம்பெனிகள் 19ஆம் நூற்றாண்டில் கூலிக்குக் கொடுத்த, காசு மாதிரியான வில்லைகளும் தனியார் வெளியீடுதான். அவற்றை நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன்.

இன்றைக்கு அழகான பெட்டியில் 'லிமிடெட் எடிஷன்' என்று வருகிறதே, தலைவர் படம் போட்ட வெள்ளி வில்லை, அதில்தான் நிதானம் வேண்டும். கூட வரும் சான்றிதழ் விற்பவரே அடித்தது. ரூபாய் மதிப்பு பொறித்த நினைவு நாணயத்தை மத்திய அரசு மட்டுமே வெளியிட முடியும். பெரிய கோயிலின் ஆயிரமாண்டுக்கு வந்த ஆயிரம் ரூபாய் நாணயம் அப்படிப்பட்டது. தனியார் வில்லையைத் திருப்பி விற்கப் போனால் செய்கூலியும் ஜிஎஸ்டியும் போய், வெள்ளி விலை கிடைத்தாலே பெரிது. படம் பிடித்திருந்தால் வாங்குங்கள், முதலீடு என்று வாங்காதீர்கள்.

"உங்க காசை நாங்க எடுத்துக்கிறோம், ரிசர்வ் வங்கிக் கமிஷன் மட்டும் முதல்ல அனுப்புங்க" என்று போன் வந்தால் உடனே வைத்துவிடுங்கள். பழைய நாணயங்களை வாங்கி விற்கும் வேலையில் தாங்கள் இல்லை, கமிஷனும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட்டிலேயே அறிவித்துவிட்டது. பழைய காசுக்கு அரிசியை இழுக்கும் சக்தி இருக்கிறது என்று காட்டி ஏமாற்றுபவரிடம், 'என் வீட்டு அரிசியை எடுத்து வந்து சோதிக்கலாமா' என்று கேளுங்கள், ஆள் நழுவிவிடுவார்.

பரணில் எதையாவது கண்டெடுத்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வந்த பழைய செம்புக் காசுக்கு நான் பாதி விலைகூடக் கொடுக்க மாட்டேன்.