ஸ்வயத்தில் காலநிலை, புவி அறிவியல் படிப்பு: எது இலவசம், எதற்குக் கட்டணம், கிரெடிட் எப்படி வரும்?

காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு என்று எந்தப் பக்கம் போனாலும் கல்லூரிப் பிள்ளைகள் வீட்டில் இந்தப் பேச்சு ஒருமுறையாவது வந்திருக்கும். “ஸ்வயத்துல ஒரு கோர்ஸ் பண்ணச் சொல்றாங்க, இலவசம்தான்” என்று ஜூலையில் சொன்ன பிள்ளை, சில வாரம் கழித்து “ஆயிரம் ரூபாய் கட்டணும்” என்று வந்து நிற்கும். பெற்றோருக்குச் சந்தேகம் வருவது நியாயம்தான். ஆனால் பிள்ளை சொன்ன இரண்டுமே உண்மை. படிப்பில் சேர்வது ஒரு பதிவு, சான்றிதழுக்கான தேர்வு இன்னொரு பதிவு, அந்த மதிப்பெண்ணைக் கிரெடிட்டாக, அதாவது பட்டத்துக்குச் சேரும் பாடப் புள்ளியாக, கல்லூரி தன் கணக்கில் ஏற்றுக்கொள்வது மூன்றாவது வேலை. ஒன்றைச் செய்தால் மற்றது தானாக நடந்துவிடாது. குழப்பம் முக்கால்வாசி இங்கேதான் வருகிறது.

ஸ்வயம் என்பது மத்திய கல்வி அமைச்சகத்தின் இணையவழிப் படிப்புத் தளம். 2017 ஜூலை 9 அன்று தொடங்கப்பட்டது. 9ஆம் வகுப்பு முதல் முதுநிலை வரைக்கான பாடங்கள் இதில் உண்டு. வயது வரம்பு கிடையாது. கல்லூரியில் படித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் இல்லை. தளம் ஒன்றானாலும் பாடங்களை நடத்தும் அமைப்புகள் பல. ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல் அதில் ஒன்று. இளநிலைக் கலை, அறிவியல் பாடங்களுக்கு சி.இ.சி., திறந்தநிலைக் கல்விக்கு இக்னோ என்று வேறு அமைப்புகளும் இருக்கின்றன. உங்கள் பாடம் யாருடையது என்பதைப் பாடத்தின் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். தேர்வு யார் வைப்பது, கட்டணம் எவ்வளவு, மதிப்பெண்ணை எப்படிப் பிரிப்பது எல்லாம் அதைப் பொறுத்தே மாறும்.

காலநிலை, புவி அறிவியல் என்று தேடினால் வளிமண்டலம், கடல், நிலத்தடி நீர், பாறையியல், தொலையுணர்வு, பேரிடர் மேலாண்மை என்று பலதும் வரும். ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இரண்டு செமஸ்டர். போன முறை இருந்த பாடம் இந்த முறை இருக்கும் என்று சொல்ல முடியாது. தலைப்பை மட்டும் பார்த்துச் சேர்வதுதான் பலரும் செய்கிற தப்பு. ‘காலநிலை’ என்று பெயர் வைத்த ஒரு பாடம் முழுக்க வகைக்கெழுச் சமன்பாடுகளாக ஓடலாம். வணிகவியல் படிக்கிறவர் மூன்றாவது வாரத்திலேயே நின்றுவிடுவார். அதே தலைப்புக்குப் பக்கத்தில் உள்ள இன்னொரு பாடம் பிளஸ் டூ அறிவியலோடு சமாளிக்கக்கூடியதாக இருக்கலாம். யாருக்கான பாடம், முன்பே என்ன தெரிந்திருக்க வேண்டும், எத்தனை வாரம் என்ற மூன்றையும் படித்துவிட்டு, அறிமுக வீடியோவையும் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

இதைப் படித்து நமக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்குப் பாலாற்றைத்தான் காட்ட வேண்டும். வருஷத்தில் பெரும்பாலான நாள் மணலாகக் கிடக்கும் ஆறு, 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியதை நம்மூரில் பார்க்காதவர்கள் குறைவு. “எல்லாம் காலநிலை மாற்றம்” என்றார்கள் ஒரு பக்கம். “1903லயே வாணியம்பாடியில வெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போச்சு, அப்ப என்ன மாற்றம்?” என்றார்கள் இன்னொரு பக்கம். இரண்டும் அவசரப் பேச்சு. ஒரு நாளின் மழை வானிலை. காலநிலை என்பது பொதுவாக 30 ஆண்டுச் சராசரி. உலக வானிலை அமைப்பு இப்போது ஒப்பிட எடுத்துக்கொள்வது 1991 முதல் 2020 வரை. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். 2011–2020 பத்தாண்டில் உலகம், 1850–1900 காலத்தைவிட ஏறக்குறைய 1.1 டிகிரி சூடாக இருந்தது என்கிறது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் அறிக்கை. ஆக, பெருமழைக்கான வாய்ப்பு கூடுகிறது என்று சொல்லலாம். ஆனால் குறிப்பிட்ட ஒரு வெள்ளத்தில் அதன் பங்கு எவ்வளவு என்பதைத் தனியாகக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும். ஏரி, கால்வாய் ஆக்கிரமிப்பும் மணல் அள்ளியதும் செய்த வேலை வேறு கணக்கு. இந்த வேறுபாடு பிடிபட்டாலே படிப்புக்குச் செலவழித்த நேரம் வீண் இல்லை என்பது என் எண்ணம்.

சரி, நடைமுறைக்கு வருவோம். சேர்வதற்கு ஒரு மின்னஞ்சல் இருந்தால் போதும். கல்லூரி முடிந்தால் மூடிவிடுகிற மின்னஞ்சலைக் கொடுக்காமல், உங்கள் சொந்த மின்னஞ்சலைக் கொடுங்கள். வாரந்தோறும் வீடியோ வரும், படிக்க வேண்டியது வரும், அசைன்மென்ட் வரும். அசைன்மென்டுக்குக் கெடு தேதி உண்டு; அது தாண்டினால் மதிப்பெண் கிடையாது. தேர்வு எழுதாமல் பாடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனாலும் யாரும் கேட்கப் போவதில்லை, ஒரு ரூபாயும் செலவில்லை.

சான்றிதழ் வேண்டும் என்றால்தான் கட்டணம். என்பிடெல் பாடங்களுக்கு ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய் என்று வாங்கிவருகிறார்கள். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் ஊனமுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் இதில் பாதி. அதற்கான சான்றைப் பதிவேற்ற வேண்டும். கட்டணம் மாறக்கூடியது, அந்தந்த செமஸ்டர் அறிவிப்பைப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். தேர்வுப் பதிவுக்கும் தனிக் கடைசி தேதி உண்டு. தேர்வு வீட்டில் உட்கார்ந்து எழுதுவது அல்ல, மையத்துக்குப் போக வேண்டும். ஊர்களில் இடம் முதலில் பதிகிறவர்களுக்கே. கடைசி நாள்வரை தள்ளிப்போட்டால், வேலூரில் எழுத நினைத்தவர் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியிருக்கும். ஹால் டிக்கெட்டோடு அசல் அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும்.

மதிப்பெண் கணக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. என்பிடெல் பாடங்களில் அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. 12 வாரப் பாடமென்றால் நன்றாகச் செய்த 8 அசைன்மென்ட், 8 வாரமென்றால் 6, 4 வாரமென்றால் 3 என்று எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். சான்றிதழுக்கு அசைன்மென்டில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30 என்று இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். அசைன்மென்டில் 20 வாங்கி, தேர்வில் 28 வாங்கினால் மொத்தம் 48. ஆனாலும் சான்றிதழ் வராது. பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து அசைன்மென்ட் போட்டுக்கொள்கிறவர்கள் மாட்டுவது இங்கேதான். என்பிடெல் அல்லாத பெரும்பாலான ஸ்வயம் பாடங்களுக்குத் தேர்வை என்.டி.ஏ. எனப்படும் தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது, அங்கே கட்டணமும் மதிப்பெண் பிரிப்பும் வேறு.

இனி கிரெடிட். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிமுறைப்படி, ஒரு செமஸ்டரில் உள்ள பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்க அனுமதிக்கலாம். முன்பு இது 20 சதவீதமாக இருந்தது. ‘அனுமதிக்கலாம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். எந்தப் பாடத்தை எந்தப் பாடத்துக்குப் பதிலாக எடுத்துக்கொள்வது என்பதை உங்கள் கல்லூரியும் பல்கலைக்கழகமும்தான் முடிவு செய்யும். அரசுக் கல்லூரியானாலும் தன்னாட்சிக் கல்லூரியானாலும், சேரும் முன்பே துறைத் தலைவரிடமோ, ஸ்வயம் ஒருங்கிணைப்பாளராக இருக்கும் ஆசிரியரிடமோ போய், இந்தப் பாடம் அங்கீகரித்த பட்டியலில் இருக்கிறதா, எத்தனை கிரெடிட் என்று கேளுங்கள். வாயால் ‘ஆகும்பா’ என்றால் போதாது. எழுத்தில் ஒரு வரி வாங்கிக்கொள்வது நல்லது. என்பிடெல் கணக்கில் 4 வாரப் பாடத்துக்கு 1, 8 வாரத்துக்கு 2, 12 வாரத்துக்கு 3 கிரெடிட் வரும். தேர்ச்சி பெற்ற பிறகு அனுமதி கேட்டு அலைந்தவர்கள் நிறைய, அவர்களில் பலருக்குச் சான்றிதழ் மட்டுமே மிச்சம்.

கிரெடிட் போய்ச் சேரும் இடம் ‘ஏ.பி.சி.’ எனப்படும் கிரெடிட் வங்கி. அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர் வழியாக அதில் உங்களுக்கான கணக்கு எண்ணை எடுத்துக்கொள்ளலாம். அங்கே சேர்ந்த கிரெடிட் அதிகபட்சம் 7 ஆண்டு செல்லும். ஆதாரில் உள்ள பெயரும் ஸ்வயத்தில் கொடுத்த பெயரும் ஒன்றாக இருக்கட்டும். இனிஷியல் முன்னே, பின்னே என்று மாறியிருந்தால் பிறகு திருத்துவது பெரிய தலைவலி.

கிரெடிட் தேவையில்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்பவர்களுக்கு இன்னும் இரண்டு வழி. இஸ்ரோவின் கீழ் டேராடூனில் இருக்கும் ஐ.ஐ.ஆர்.எஸ். நிறுவனம், செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிலம், நீர், காடு ஆகியவற்றை ஆராய்வது பற்றிக் கட்டணமில்லா இணைய வகுப்புகள் நடத்துகிறது. ஐ.நா.வின் யுனிடார் நிறுவனம் நடத்தும் காலநிலைப் பாடங்களும் இலவசம். நேரம் கிடைக்கும்போது படித்துக்கொள்ளலாம். வினாத்தேர்வில் தேறினால் சான்றிதழும் தருகிறார்கள், ஆனால் அதைக் காட்டிக் கல்லூரியில் கிரெடிட் கேட்க முடியாது.

மொழி பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். சில என்பிடெல் பாடங்களுக்கு விரிவுரையின் தமிழ் வடிவம் கிடைக்கிறது; எல்லாவற்றுக்கும் இல்லை. தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளை என்றால் இதைப் பார்த்துவிட்டே பாடத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். நெட் சரியாக வராத மலைக் கிராமங்களில் இருப்பவர்களுக்கு ஸ்வயம் பிரபா என்ற டி.டி.எச். தொலைக்காட்சி வரிசை இருக்கிறது. ஒவ்வொரு சேனலிலும் நாளுக்குக் குறைந்தது 4 மணி நேரம் புதுப் பாடம், அதையே அன்றைக்கு இன்னும் 5 முறை திருப்பிப் போடுவார்கள். டி.டி. ஃப்ரீ டிஷ் இருக்கும் வீட்டில் இதற்கு மாதக் கட்டணம் எதுவும் இல்லை.