தேன்சிட்டுக்குத் தேன், புழுவுக்கு இலை

டர்பன் வட்டாரத்தில் வீட்டுத் தோட்டங்கள் அமைத்துக் கொடுப்பது என் தொழில். தேன்சிட்டும் பட்டாம்பூச்சியும் வர வேண்டும் என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் பூவின் நிறத்தைப் பார்த்தே செடியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சாட்ஸ்வர்த்தில் ஒரு வீட்டு வாசலில் இருபுறமும் அரளி வரிசையாக நின்றது. பூசைக்குப் பூ தாராளமாகக் கிடைத்தும் தேன்சிட்டு ஒன்றுகூட அங்கே தங்குவதில்லை என்று அந்த வீட்டு அம்மா குறைப்பட்டுக்கொண்டார். அரளிப் பூவில் தேன் சுரப்பதில்லை என்று நான் சொன்னதை அவர் எளிதில் நம்பவில்லை.

அது மட்டுமன்று, தென்னாப்பிரிக்காவில் 2014ஆம் ஆண்டு வந்த விதிகளின்படி, விதை பிடிக்கும் அரளியும் உன்னிச்செடியும் நடவோ விற்கவோ கூடாதவை. உன்னிப் பூவைத் தேடிப் பட்டாம்பூச்சிகள் வருவது உண்மைதான். ஆனால் அதன் கனியைத் தின்னும் பறவைகள் விதையை ஓடைக் கரையெங்கும் பரப்பிவிட, அங்கே வேறெதுவும் தலையெடுக்க முடியாமல் போகிறது.

தேன்சிட்டு பெரும்பாலும் உட்கார்ந்தே தேன் குடிக்கும். ஆகவே குழல் வடிவப் பூவோடு, அதைத் தாங்கும் உறுதியான தண்டும் வேண்டும். காட்டு டாகா இதற்குச் சரியான செடி. அதன் நிமிர்ந்த தண்டைச் சுற்றி ஆரஞ்சுப் பூக்கள் அடுக்கடுக்காக மலர்வதால், கீழடுக்கைப் பற்றிக்கொண்டு மேலடுக்கில் குடிப்பதை மிக அருகில் நின்று பார்த்திருக்கிறேன். வேலியோரம் படரவிட கேப் ஹனிசக்கிளும், ஜூன், ஜூலை மாதக் குளிருக்குக் கற்றாழை வகைகளும் போதும்.

நம் ஊர்க் கதைகளில் கிடைத்தற்கரிய மூலிகையாகப் பேசப்படும் நீலக் கொடிவேலி என்ற பெயரை, இந்த மண்ணுக்கே உரிய பிளம்பேகோவுக்கும் வழங்குகிறார்கள். இங்கே அது தெருவோர வேலி! பூவின் அடிப்புறத்தில் பசைபோல ஒட்டும் சுரப்பிகள் இருப்பதால், பிள்ளைகள் அதைக் காதில் ஒட்டித் தோடாக்கிக் கொள்வார்கள். சிறு நீலப் பட்டாம்பூச்சிகள் அதன் மொட்டில் முட்டையிட, புழுக்கள் அந்த மொட்டையே தின்று வளர்கின்றன.

பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். எலுமிச்சை இலையில் பறவை எச்சம்போல ஒட்டியிருப்பது, பெரிய கறுப்பு மஞ்சள் பட்டாம்பூச்சி ஒன்றின் இளம்புழு. வளர்ந்தபின் பச்சையாகி, தொட்டால் தலைப்பக்கம் கொம்பு போன்ற உறுப்பை நீட்டி நாற்றமடிக்கும். அதைக் கண்டதும் மருந்தடித்துவிட்டு, பட்டாம்பூச்சி வரவில்லையே என்று என்னைத் தொலைபேசியில் அழைத்தவர்கள் உண்டு. தேன்சிட்டும் தன் குஞ்சுகளுக்குப் பூச்சியையும் சிலந்தியையும்தான் ஊட்டுகிறது என்பதால், அந்த மருந்து இரண்டு விருந்தினரையும் ஒருசேர விரட்டுகிறது. மரம் சிறிதென்றால் புழுக்களைக் கையால் எடுத்து, ஓரமாக நட்ட இன்னொரு எலுமிச்சைக்கு மாற்றிவிடுங்கள். பெரிய மரத்துக்கு அந்தச் சேதம் ஒரு பொருட்டே அன்று.

செடியைக் கத்தரிப்பதிலும் கவனம் வேண்டும். பிளம்பேகோ புதுத் தளிரில்தான் பூக்கும். மாதந்தோறும் சதுரமாக வெட்டினால் மொட்டுக்கு வழியில்லை. ஆகஸ்ட் மாத இறுதியில் ஒருமுறை நன்றாகக் கவாத்து செய்துவிட்டு, கோடை முழுவதும் அதன் போக்கில் விட்டுவிடுங்கள்.