டியூப்ல முதல்ல தண்ணி வந்தா அந்த க்ரீமை போடாதீங்க

போன மே மாசம் ஒரு அக்கா எங்க மருந்துக் கடைக்கு வந்து கவுன்ட்டர்ல ஒரு டியூபை அமுக்கி காட்டுனாங்க. முதல்ல தெளிவா தண்ணி சொட்டுச்சு, அப்புறம் திரிதிரியா ஏதோ வந்துச்சு. "தம்பி, டூப்ளிகேட் மருந்து குடுத்துட்டியா"ன்னு கோவம் வேற. எங்கக்கா வெச்சிருந்தீங்கன்னு கேட்டா, ஸ்கூட்டர் டிக்கியிலயாம், பத்து நாளா, அதுவும் அந்த வெயில்ல!

க்ரீம்ங்கிறது வேற ஒண்ணும் இல்லங்க, ஒட்டாத எண்ணெயையும் தண்ணியையும் எமல்சிஃபையர்ங்கிற சேர்ப்பான் போட்டு சேர்த்து வெச்சிருக்கிறதுதான், இந்தக் கலவைக்குப் பேருதான் எமல்ஷன். நம்ம பாலே அப்படித்தான், தண்ணிக்குள்ள கொழுப்பு துளித்துளியா மிதக்குது, வெண்ணெய்ல அது தலைகீழ், கொழுப்புக்குள்ள தண்ணி. சாதா க்ரீம், லோஷன்லாம் பெரும்பாலும் பால் ஜாதி, கழுவுனா போயிடும், கோல்டு க்ரீம் வெண்ணெய் ஜாதி, பிசுபிசுன்னு நிக்கும். சந்தேகம்னா ஒரு டம்ளர் தண்ணியில துளி போட்டு கலக்கிப் பாருங்க, பால் மாதிரி கரைஞ்சா முதல் வகை, திட்டா மிதந்தா ரெண்டாவது. நீர் கசியுற புண்ணுக்கு க்ரீம், வறண்டு வெடிச்ச தோலுக்கு எண்ணெய்ப்பசை அதிகமான ஆயின்ட்மென்ட்னு டாக்டருங்க பிரிச்சு எழுதுறதும் சும்மா இல்ல.

சூட்டுல அந்தக் கட்டு விட்டுப்போச்சுன்னா விரலால குழைச்சாலும் பழையபடி சேராது, மருந்து ஒரு இடத்துல அதிகமாவும் ஒரு இடத்துல ஒண்ணுமே இல்லாமயும் இருக்கும். அளவு தப்பக் கூடாத ஸ்டீராய்டு க்ரீம்னா யோசிச்சுக்கோங்க. (கலாமைன் லோஷன் கதை வேற, அது எமல்ஷனே இல்ல, அடியில பொடி படியத்தான் செய்யும், குலுக்கிட்டு போட்டா போதும்.)

இன்னொரு கூத்து, டியூப் சீக்கிரம் தீருதுன்னு தேங்கா எண்ணெயோ வேற க்ரீமோ கலந்து டப்பாவுல வெச்சுக்கிறது. தண்ணி இருக்கிற பொருள்ல கிருமி வளராம இருக்கத்தான் கம்பெனியில அளந்து ப்ரிசர்வேட்டிவ் போடுறாங்க, நீங்க கலந்தா அந்த அளவும் போச்சு, மருந்தோட அளவும் போச்சு, இதுல தினமும் விரலை வேற உள்ள விட்டு எடுக்குறோம். அளவு தெரியணும்னா பெரியவங்க ஆள்காட்டி விரல்ல நுனிக் கணு நீளத்துக்கு பிதுக்குங்க, சுமார் அரை கிராம், விரல்களோட சேர்த்து ரெண்டு உள்ளங்கை அகலத்துக்கு போதும். அப்புறம் எதுக்கு கலக்கணும்?

அந்த அக்காகிட்ட இவ்ளோவும் சொல்லி, டாக்டர் சீட்டு பார்த்து புது டியூப் குடுத்து அனுப்புனேன். வாசல்ல பார்த்தா நேரா போய் டிக்கியத் திறக்குறாங்க. "அக்கா, கைப்பையில வைங்க"ன்னு உள்ளருந்தே கத்துனேன்.