எம்ஆர்என்ஏ மருந்தும் பருப்புச் சோறும்

"இந்த ஊசி வந்துருச்சுன்னா எம் பையன் எல்லாரு மாதிரியும் பருப்புச் சோறு திங்கலாமுங்களா, டாக்டர்?" என்று, ஆய்வில் இருக்கும் எம்ஆர்என்ஏ மருந்தைப் பற்றிச் சென்னிமலையிலிருந்து வரும் கைத்தறி நெசவாளர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவருடைய மூன்று வயது மகனுக்குப் புரோப்பியானிக் அசிடீமியா என்னும் பிறவிக் குறைபாடு இருக்கிறது. புரதத்திலுள்ள ஐசோலூசின், வேலின் போன்ற சில அமினோ அமிலங்களைச் சிதைக்க வேண்டிய நொதி அவன் உடலில் சரியாக உருவாவதில்லை. அதனால் அமிலமும் அம்மோனியாவும் இரத்தத்தில் தேங்கி மூளையைத் தாக்குகின்றன. பிறந்த பத்தாம் நாள் பால் குடிக்காமல் வாந்தியெடுத்தவனை முதலில் தொக்கம் எடுக்கத்தான் கொண்டுபோயிருந்தார்கள். எங்களிடம் தூக்கி வந்தபோது அவன் கண் திறக்கவில்லை.

இந்த நொதி செல்லுக்குள், மைட்டோகாண்ட்ரியாவில் வேலை செய்வது. ஆகவே அதைத் தயாரித்து இரத்தக் குழாய் வழியே ஏற்றினாலும் உரிய இடத்துக்குப் போய்ச் சேராது. எம்ஆர்என்ஏ சிகிச்சையில் நொதிக்குப் பதிலாக, அதைச் செய்வதற்கான எம்ஆர்என்ஏ என்னும் குறிப்பு கொழுப்புத் துகள்களில் பொதிந்து ஏற்றப்படுகிறது; துகள்களைப் பெருமளவில் கல்லீரல் எடுத்துக்கொள்ள, அதன் செல்களே நொதியை உருவாக்குகின்றன. எந்த வடிவத்தை நெய்ய வேண்டும் என்று தறிக்குச் சொல்லும் டிசைன் அட்டையைப் போன்றது என்றேன், உடனே புரிந்துகொண்டார். ஆனால் இந்த அட்டை சில நாள்களில் கரைந்துவிடும். மரபணு இருக்கும் செல்லின் உட்கருவுக்குள் அது நுழைவதில்லை. மரபணுவை மாற்றுவதும் இல்லை. அதனால்தான் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை திரும்ப ஏற்ற வேண்டியிருக்கிறது.

வெளியிலிருந்து வரும் ஆர்என்ஏவை உடலின் எதிர்ப்பு மண்டலம் பகையாகக் கருதித் தாக்குவது நெடுங்காலத் தடையாக இருந்தது. அதன் வேதி எழுத்துகளில் ஒன்றை மாற்றி அந்தத் தாக்குதலைத் தணிக்கலாம் என்று 2005இல் காட்டியதற்காகவே கேட்டலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் 2023இல் நோபல் பரிசு பெற்றனர். இதே நோய்க்காக மாடர்னா நிறுவனம் உருவாக்கிய மருந்தை 16 பேருக்குக் கொடுத்துப் பார்த்த தொடக்க முடிவுகள் 2024இல் வெளியாயின. சிகிச்சைக்கு முந்தைய ஓராண்டில், அமிலமும் அம்மோனியாவும் திடீரென ஏறும் நெருக்கடிக்கு ஆளாகியிருந்த எட்டுப் பேரிடம் அத்தகைய நெருக்கடிகள் சுமார் 70 சதவீதம் குறைந்திருந்தன. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆயினும் மிகச் சிறிய ஆய்வு.

ஆகவே அவருக்கு நான் சொன்னது இதுதான்: ஆய்வு நிலையில் உள்ள மருந்தை நம்பி இன்றைய புரதக் கட்டுப்பாட்டைத் தளர்த்தக் கூடாது, காய்ச்சலோ வாந்தியோ வந்தால், வீட்டு வைத்தியம் பார்த்துக் காத்திராமல், நாங்கள் எழுதிக் கொடுத்திருக்கும் அவசரக் கடிதத்தோடு உடனே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும்.

அவரும் அவர் மனைவியும் மாமன் மகன், அத்தை மகள். இருவருமே குறையுள்ள மரபணுவின் ஒரு பிரதியைச் சுமப்பவர்கள் என்பதால், ஒவ்வொரு கருவிலும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. குடும்பத்தின் மரபணுப் பிறழ்வு உறுதியாகிவிட்டதால், அடுத்த கருவை மூன்றாம் மாதவாக்கிலேயே பரிசோதிக்க முடியும். மூத்த பெண் குழந்தை பிறந்த இரண்டாம் வாரத்திலேயே இறந்ததை, அன்றுதான் அந்தத் தாய் முதன்முறையாக என்னிடம் சொன்னார்.